மூலையில் இருக்கும் தேதி

கேமராவைக் கண்ணருகே கொண்டுபோவதை
எப்போதோ விட்டுவிட்டேன்.
மார்புக்குக் கீழே தொங்கும்.
வேறெங்கோ பார்த்தபடி
கட்டைவிரலால் ஒரு தட்டு.
சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறேன்.

தன்னை யாரும் பார்க்கவில்லை
என்றிருக்கும்போதுதான்
முகம் பொய் சொல்லாது என்று
விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு
விளக்கினேன்.
அவர் தூங்கிப்போனார்.
தூங்கியபின் அவரையும் எடுத்தேன்.

குத்தாயிசியின் சந்தையில் காலை எட்டு மணி.
மழை விட்டிருந்தது.
தகரக் கூரையின் பொத்தல் வழியே
ஒரு முழ வெளிச்சம்
சுல்குனிப் பாலாடைக்கட்டிகளின் மேல்.
அதற்குப் பின்னால் ஓர் அம்மாள்
தீக்குச்சியால் பல் குத்திக்கொண்டு
அங்கில்லாத எதையோ பார்த்திருந்தாள்.
தட்டினேன்.

மாட்டிக்கொண்டேன்.

'ஏய்' என்பதற்கு
எந்த ஊரிலும் ஒரே சுருதி.
கத்தியை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.
பக்கத்து மசாலாக் கடையிலிருந்து
தியோனா என்ற பெண் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்:
'ஜுஜுனா பார்க்கணுமாம்.
நல்லா இல்லேன்னா அழிக்கணுமாம்.'

பார்த்தாள். தீக்குச்சியைப் பார்த்தாள்.
கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள்.
அழி என்பாள் என்று காத்திருந்தேன்.
மோர் ஈரம் படிந்த பெருவிரலால்
முந்தைய படங்களுக்குப் போனாள்.

வேனில் வாய்திறந்து உறங்கும் போலீஸ்காரர்.
கல்யாண உடுப்போடு
படிக்கட்டில் புகை பிடிப்பவள்.
நாயைக் கடிந்துகொள்ளும் பாதிரியார்.
ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள்,
தியோனாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.
எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அப்புறம் சுக்திதி ரயில் நிலையம்.
காற்றுக்கு முதுகு காட்டித்
தீக்குச்சியைப் பொத்தி நிற்கும் ஓர் இளைஞன்.
விரலிடுக்கில் கசியும் வெளிச்சம்
அவன் தாடையில்.
இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த படம் என்று
இரண்டு நாளாக நினைத்திருந்தேன்.

இரு விரலால் விரித்துப் பார்த்தாள்.
என் பழைய கேமராவுக்கு அது புரியாது.
பொத்தானை நான்தான் அழுத்திக் கொடுத்தேன்.
முகம் வந்தது.
இன்னோர் அழுத்து.
காதோரத் தழும்பு வந்தது.

'லாஷா' என்றாள்.

தியோனாவின் சிரிப்பு நின்றது.
'இவங்க மகன். போலந்துல,
ஏதோ கிடங்குல வேலை.
ஒன்றரை வருஷமாச்சு.
ஞாயிறு தவறாமப் பேசுவான்.
இப்பவே பனி கொட்டுதுன்னு
போன வாரம் சொன்னானாம்.'

படத்தின் மூலையில் தேதி.
எண்களை யாரும்
மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.
நேற்று முன்தினம்.

விமானத்தில் விளக்கிய அதே வாய்
'கேமராக் கடிகாரம் தப்பு' என்றது.
'ரெண்டு வருஷத்துக்கு முந்தி எடுத்தது,
அப்பவும் வந்திருந்தேன், இதே ரயில்,
அன்றைக்கும் மழை' என்றது.
தியோனா அதை மாற்றிச் சொன்னாள்,
நான் சொன்னதைவிட நீளமாக.

ஜுஜுனா முழுதும் கேட்டாள்.
எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.
பிறகு ஒவ்வொரு படமாகத் திரும்பி வந்தாள்,
பாதிரியார், மணப்பெண், போலீஸ்காரர்,
தன் படம் வரை.
அதன் மூலையைப் பார்த்தாள்.
இன்றைய தேதி.
சரியாக இருந்தது.

எதை அழிக்கட்டும் என்று கேட்டேன்.
முந்தானைத் துணி போல இடுப்பில் கட்டியிருந்த
வெள்ளைத் துண்டால்
கேமராவைத் துடைத்துத் தந்தாள்.
ஏதோ சொன்னாள்.
தியோனா வெங்காயத்தாளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:
'மெலியலையாம்.'

அரைக் கிலோ வாங்கினேன்.
நிறுத்துப் போட்டாள்.
சில்லறை குறையவில்லை, கூடவுமில்லை.

இரவு அறையில் அதைத் தின்கிறேன். நல்ல உப்பு.
படத்தை இன்னும் பெரிதாக்குகிறேன்;
இதற்குமேல் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது.
அவனுடைய பைக்கட்டு, ஈரக் காலணி,
யாருக்காகவோ காத்திருக்கிறானா, தெரியவில்லை.
வெளிச்சத்துக்காக எடுத்தது.

இன்று வெள்ளி.
ஞாயிறன்று அவன் அழைப்பான்.
பனி எப்படி இருக்கிறது என்று
அவள் கேட்பாளாக இருக்கும்.